வான்குதிப்புக் கருவிகளின் வரலாறு

ஸ்கைடைவிங் எனப்படும் வான்குதிப்பு, பறக்கும் விமானத்திலிருந்து குதித்து, சிறிது நேரம் பாராசூட்டை விரிக்காமல் விழுந்து, பின்னர் அதை விரித்துத் தரையிறங்கும் விளையாட்டு. பொதுவாகச் சுமார் 13,000 அடி உயரத்தில் விமானத்தை விட்டு வெளியேறும் ஒருவர், பத்துப் பன்னிரண்டு வினாடிகளில் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறார். காற்றின் தடை புவியீர்ப்புக்கு ஈடாகிவிடுவதால் அதன்பின் வேகம் கூடுவதில்லை. இவ்வாறு ஒரு நிமிடம் அளவுக்கு விழுந்தபின், தரைக்கு மேல் 3,000 அடியை ஒட்டிப் பாராசூட்டை விரிக்கிறார்.

இந்த ஒரு நிமிடத்துக்காக அவர் முதுகில் சுமக்கும் பையில் இரண்டு பாராசூட்டுகள், ஒன்றைக் கழற்றிவிட ஒரு கைப்பிடி, மற்றொன்றைத் திறக்க ஒரு கைப்பிடி, அவர் நினைவிழந்தாலும் இயங்கும் ஒரு சிறு கணினி ஆகியவை உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை விபத்துகளுக்கும் மரணங்களுக்கும் விடையாகக் கண்டுபிடிக்கப்பட்டவை. கருவிகள் நம்பகமானவையாக மாறியபோது ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. அது கருவியை விட்டுக் குதிப்பவரின் முடிவுகளுக்கு இடம்பெயர்ந்தது. அனுபவமுள்ள குதிப்பவர்கள் ஒவ்வொரு நாளும் தம் கருவிகளைப் பற்றி யோசிக்கும் முறையை இந்த வரலாறே வடிவமைத்துள்ளது.

தொடக்க காலம்

பாராசூட் என்ற சொல்லை உருவாக்கியவர் பிரான்சைச் சேர்ந்த லூயி செபாஸ்தியன் லெநோர்மான். பிரெஞ்சு மொழியில் 'சூட்' என்பது வீழ்ச்சி. வீழ்ச்சியிலிருந்து காப்பது பாராசூட். 1783 டிசம்பர் 26 அன்று மோன்பெலியே நகரின் வானாய்வுக் கோபுரத்திலிருந்து மரச்சட்டம் பொருத்திய குடையுடன் அவர் குதித்துக் காட்டினார். தீப்பிடித்த கட்டடங்களில் சிக்கியவர்கள் தப்பிக்க இக்கருவி உதவும் என்பது அவருடைய எண்ணம்.

உண்மையான உயரத்திலிருந்து முதலில் இறங்கியவர் ஆந்த்ரே ழாக் கார்னெரன். 1797 அக்டோபர் 22 அன்று பாரிஸ் நகரின் மோன்சோ பூங்காவிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் ஏறி, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து தன்னை அறுத்துக்கொண்டார். அவருடைய குடை சுமார் 7 மீட்டர் விட்டமுள்ள பட்டுத்துணியால் ஆனது. அதில் சட்டம் கிடையாது. குடை விரிந்தது, ஆனால் அவர் அமர்ந்திருந்த கூடை ஊஞ்சல்போலக் கடுமையாக ஆடியது. குடைக்குள் சேர்ந்த காற்று வெளியேற வழியின்றி ஒரு முறை இந்த விளிம்பு வழியாகவும் மறுமுறை எதிர் விளிம்பு வழியாகவும் சிந்தியதே அதற்குக் காரணம். பின்னாளில் குடையின் உச்சியில் ஒரு துளை வைக்கப்பட்டதும் ஆட்டம் குறைந்தது. வட்டக் குடைகளின் உச்சித் துளை இன்றுவரை நீடிக்கிறது. அவருடைய மனைவி ழான் ழெனவியேவ் லாப்ரோஸ் 1799இல் குதித்து, பாராசூட்டில் இறங்கிய முதல் பெண் ஆனார்.

ஆட்டத்தைத் தவிர்க்க வேறொரு வழியை முயன்றவர் இங்கிலாந்தின் ராபர்ட் காக்கிங். தலைகீழாகத் திருப்பிய கூம்பு வடிவம் ஆடாமல் இறங்கும் என்று அவர் கருதினார். 1837 ஜூலை 24 அன்று, தமது 61ஆம் வயதில், லண்டனின் வாக்ஸ்ஹால் தோட்டத்திலிருந்து பலூனில் தொங்கியபடி மேலேறினார். பாராசூட்டின் எடை மட்டுமே நூறு கிலோவுக்கு மேல் இருந்தது. கணக்குப் போடும்போது அந்த எடையை அவர் சேர்க்கவில்லை. பலூனிலிருந்து பிரிந்தபின் கருவி வேகமாக விழுந்து, காற்றிலேயே சிதைந்தது. காக்கிங் உயிரிழந்தார். பாராசூட் விபத்தில் இறந்தவர்களின் வரலாறு பெரும்பாலும் அவரிலிருந்தே தொடங்குகிறது.

1912 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் தையல்காரர் ஃபிரான்ஸ் ரைஷெல்ட், தாம் தைத்த பாராசூட் உடையை அணிந்து ஐஃபல் கோபுரத்தின் முதல் தளத்திலிருந்து குதித்தார். பொம்மையைக் கொண்டு சோதனை செய்வதாகச் சொல்லி அவர் அனுமதி பெற்றிருந்தார். 57 மீட்டர் உயரம் அவருடைய உடை விரியப் போதவில்லை. அவர் இறந்த காட்சி திரைப்படச் சுருளில் பதிவாகியுள்ளது. புதிய கருவியை மனிதர் அணிவதற்கு முன் எடைகட்டிப் போட்டுப் பார்ப்பது இன்று எழுதப்பட்ட விதி.

முதுகுப்பையும் இழுகயிறும்

விமானம் வந்தபின் பாராசூட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. 1912 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஆல்பர்ட் பெர்ரி விமானத்திலிருந்து குதித்தபோது, குடை விமானத்தின் அடியில் ஒரு கூம்புப் பெட்டிக்குள் இருந்தது. அவருடைய உடல் எடை அதை வெளியே இழுத்தது. விமானம் கட்டுப்பாடிழந்து சுழலும்போது இத்தகைய ஏற்பாடு உதவாது.

ரஷ்யாவின் க்ளெப் கோத்தெல்னிகோவ் ஒரு நாடக நடிகர். 1910இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வான்காட்சியில் லெவ் மாட்சியேவிச் என்ற விமானி விழுந்து இறந்ததைக் கண்ட அவர், விமானியின் உடலோடு சேர்ந்தே பாராசூட் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1911இல் அவர் உருவாக்கிய முதுகுப்பைப் பாராசூட் இன்றைய வடிவத்தின் முன்னோடிகளுள் ஒன்று.

அக்காலப் பாராசூட்டுகளில் பல, விமானத்தோடு கட்டிய ஒரு கயிற்றால் திறக்கப்பட்டன. அமெரிக்காவின் ஜார்ஜியா பிராட்விக் 1914இல் சான் டியேகோவில் ராணுவத்தினர் முன் குதித்துக் காட்டியபோது, அந்தக் கயிறு விமானத்தின் வாலில் சிக்கிக்கொண்டது. அடுத்த குதிப்பில் அவர் கயிற்றைக் குட்டையாக வெட்டிவிட்டு, விமானத்தை விட்டு விலகியபின் தம் கையாலேயே இழுத்துக் குடையை விரித்தார். திட்டமிட்டுச் செய்யப்பட்ட முதல் கட்டற்ற வீழ்ச்சியாக இது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது.

ஆயினும் விழும் மனிதர் மூச்சுத் திணறி நினைவிழப்பார், கையை அசைக்க முடியாது என்ற நம்பிக்கை அப்போதும் பரவலாக இருந்தது. 1919 ஏப்ரல் 28 அன்று ஒஹையோ மாநிலத்தின் மெக்குக் விமானத்தளத்தில் லெஸ்லி இர்வின் அதைப் பொய்யாக்கினார். ஃபிலாய்ட் ஸ்மித் தலைமையிலான குழு உருவாக்கிய முதுகுப் பாராசூட்டுடன் குதித்து, விமானத்தை விட்டு விலகியபின் இழுகயிற்றை இழுத்தார். தரையிறங்கியபோது கணுக்கால் முறிந்தது. கருவி சரியாகவே வேலை செய்திருந்தது.

1922 அக்டோபர் 20 அன்று அதே தளத்தில் விமானி ஹெரால்ட் ஹாரிஸ், சிதையத் தொடங்கிய சோதனை விமானத்திலிருந்து குதித்து உயிர் தப்பினார். விழும்போது இழுவளையம் என்று எண்ணி அவர் இழுத்தது கால்வாரின் இணைப்பை. சில முறை தவறியபின்பே சரியான வளையம் கையில் அகப்பட்டது. தரை நெருங்கிய நிலையில் குடை விரிந்தது. இந்நிகழ்வை அடுத்து, பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்கென 'கேட்டர்பில்லர் கிளப்' என்ற அமைப்பு உருவானது. குடையின் பட்டைத் தந்த புழுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. கைப்பிடியைக் கண்ணால் பார், கையால் பற்று, பிறகு இழு என்று இன்றும் ஒவ்வொரு மாணவருக்கும் கற்பிக்கப்படுவதன் தேவையை ஹாரிஸின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

போரிலிருந்து விளையாட்டுக்கு

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் பட்டு கிடைக்காமல் போனது; அதன் இடத்தை நைலான் பிடித்தது. போர் முடிந்தபின் ராணுவத்தின் உபரிப் பாராசூட்டுகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. அவற்றைக் கொண்டே வான்குதிப்பு விளையாட்டாக வளர்ந்தது.

முதலில் தீர்க்க வேண்டியிருந்தது உடலின் சுழற்சி. விழும் உடல் கட்டுப்பாடின்றிச் சுழன்றால் கயிறுகள் உடலைச் சுற்றிக்கொள்ளும். 1940களின் இறுதியில் பிரான்சின் லியோ வலந்தேன், கைகால்களை விரித்து, இடுப்பை முன்தள்ளி, உடலை வில்போல் வளைத்தால் வயிறு தரையை நோக்கியபடி நிலையாக விழலாம் என்று காட்டினார். இன்று முதல் வகுப்பில் கற்பிக்கப்படும் உடல்நிலை அதிலிருந்து வந்தது. வலந்தேன் பின்னர் மரத்தாலான இறக்கைகளை அணிந்து பறக்க முயன்றார். 1956 மே 21 அன்று லிவர்பூல் வான்காட்சியில் விமானத்தை விட்டு வெளியேறும்போது இறக்கை மோதி உடைந்தது. பாராசூட்டுகள் சரியாக விரியாமல் அவர் இறந்தார்.

1951இல் யூகோஸ்லாவியாவின் பிளெட் நகரில் முதல் உலகப் பாராசூட் போட்டி நடந்தது. 1959இல் ழாக் ஆந்த்ரே இஸ்டெல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆரஞ்ச் என்ற ஊரில் பொதுமக்களுக்கான பயிற்சி மையத்தைத் தொடங்கினார்.

அக்காலக் குதிப்பவர்கள் பயன்படுத்தியவற்றுள் ஒன்று 28 அடி விட்டமுள்ள ராணுவ வட்டக் குடை. அது காற்று போகும் பக்கம் போகும். குதிப்பவர்கள் அதன் பின்புறத்தில் துணியை வெட்டித் துளைகள் அமைத்தார்கள். பின்னால் வெளியேறும் காற்று குடையை மெல்ல முன்னே தள்ளியது. துளைகளின் ஓரத்தைக் கயிற்றால் இழுத்துத் திருப்பவும் முடிந்தது. 1960களில் பிரெஞ்சுப் பொறியாளர் பியேர் லெமுவாஞின் வடிவமைப்பிலிருந்து வந்த 'பாரா கமாண்டர்' இந்தத் துளைகளை முறையான காற்றுவாய்களாக மாற்றியது. குறித்த இடத்தில் இறங்குவது அதன்பின் நம்பகமான திறனாயிற்று.

ஈரி ஏரி விபத்து

1967 ஆகஸ்ட் 27 அன்று ஒஹையோவில் நடந்த விபத்து வேறு வகையானது. பழைய பி-25 குண்டுவீச்சு விமானம் ஒன்றில் குதிப்பவர்கள் 20,000 அடி உயரத்துக்குச் சென்றனர். கீழே மேகம் மூடியிருந்தது, தரை தெரியவில்லை. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ரேடார் திரையில் மற்றொரு விமானத்தை இதுவென்று தவறாக எண்ணி, அவர்கள் இறங்குதளத்துக்கு மேல் இருப்பதாகத் தெரிவித்தார். 18 பேர் குதித்தனர். மேகத்தைக் கடந்து வெளியே வந்தபோது கீழே தெரிந்தது ஈரி ஏரியின் நீர். 16 பேர் மூழ்கி இறந்தனர். இருவர் படகால் மீட்கப்பட்டனர்.

இங்கே பாராசூட்டுகள் செய்ய வேண்டியதைச் செய்தன. தவறியவை இடமறிதலும், மேகத்தின் மேலிருந்து குதிக்கும் முடிவும். அமெரிக்க விதிகள் மேகத்தினூடே குதிப்பதைத் தடைசெய்கின்றன. வானில் எந்த இடத்தில் கதவைத் தாண்டுவது என்பதைத் தாமே கீழே பார்த்து உறுதி செய்யும் வழக்கத்தை மூத்த குதிப்பவர்கள் விடாமல் வலியுறுத்துவதற்கு இந்நிகழ்வு பொருத்தமான சான்று.

காப்புப் பாராசூட்டும் மூன்று வளையங்களும்

பழைய அமைப்பில் முதன்மைப் பாராசூட் முதுகிலும், ரிசர்வ் எனப்படும் காப்புப் பாராசூட் வயிற்றின் மேலும் இருந்தன. முதன்மைக் குடை பாதி விரிந்து சிக்கிக்கொண்டால், அது தலைக்கு மேல் படபடத்துக்கொண்டிருக்கும்போதே காப்புக் குடையைக் கையால் எடுத்து வெளியே எறிய வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் வேறு வழியில்லை. ஆகவே பழுதான குடையை முதலில் கழற்றிவிடுவது பாதுகாப்பானது என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அதற்குக் கிடைத்த கருவி 'கேப்வெல்' எனப்படும் உலோக இணைப்பு. தரையிறங்கிய வீரரைக் காற்று இழுத்துச் செல்லாதபடி குடையைக் கழற்றுவதற்காக ராணுவம் உருவாக்கியது அது. வானில், சுழலும் குடையின் கீழ், இரு தோள்களிலும் உள்ள மூடிகளைத் திறந்து, உள்ளிருக்கும் வளையங்களை ஒரே நேரத்தில் இழுப்பது எளிதாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் கழன்றால் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பில் பூத் கண்டுபிடித்த மூன்று வளைய அமைப்பு இதைத் தீர்த்தது. ஒவ்வொரு தோளிலும் பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்று வளையங்கள் உண்டு. நடு வளையம் பெரிய வளையத்தினூடே நுழைந்து மடங்கும். சிறிய வளையம் நடு வளையத்தினூடே நுழைந்து மடங்கும். சிறிய வளையத்தை ஒரு நூல் கண்ணி பிடித்திருக்கும். அந்தக் கண்ணியினூடே வழவழப்பான மஞ்சள் கம்பி செல்லும். ஒவ்வொரு வளையமும் நெம்புகோலாக வேலை செய்வதால், உடலின் முழுச் சுமை கடைசிக் கண்ணிக்கு வரும்போது மிகச் சிறிதாகிவிடுகிறது. வலப்பக்கக் கைப்பிடி ஒன்றை இழுத்தால் இரண்டு கம்பிகளும் விலகி, இரு தோள்களும் ஏறத்தாழ ஒரே கணத்தில் விடுபடுகின்றன. அரை நூற்றாண்டு ஆகியும் இதைவிடச் சிறந்த முறை பரவலாகவில்லை.

கையால் எறியும் இழுகுடையும் பூத்தின் பங்களிப்பே. முன்பு வில்சுருளால் துள்ளி வெளியேறும் சிறு குடை, விழுபவரின் முதுகுக்குப் பின்னுள்ள காற்றோட்டம் குறைந்த பகுதியில் சில நேரம் தத்தளிக்கும். கையால் பக்கவாட்டில் எறியும்போது அது சீரான காற்றை உடனே பிடித்து முதன்மைக் குடையை வெளியே இழுக்கிறது. இதே காலத்தில் காப்புப் பாராசூட்டும் வயிற்றிலிருந்து முதுகுக்கு இடம் மாறி, இரண்டும் ஒரே பையில் மேலும் கீழுமாக அமைந்தன.

சதுரக் குடை

கனடாவில் பிறந்து ஃபுளோரிடாவில் பட்டம் செய்துவந்த டோமினா ஜால்பர்ட், இறக்கை வடிவத்தைத் துணியால் அமைக்க முடியும் என்று கண்டார். அவர் 1964இல் விண்ணப்பித்த காப்புரிமை 1966இல் வழங்கப்பட்டது. மேல்துணி, கீழ்த்துணி, அவற்றை இணைக்கும் தடுப்புகள் ஆகியவற்றால் ஆன அறைகள். முன்புறம் திறந்த வாய்கள். முன்னேறும்போது அவற்றின் வழியே காற்று புகுந்து, துணியை விறைப்பான விமான இறக்கையாக்குகிறது. வட்டக் குடை விழுவதைத் தாமதப்படுத்தும். சதுரக் குடை பறக்கும்.

தொடக்கச் சதுரக் குடைகள் மிகக் கடுமையாக விரிந்தன. மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழும் உடல், ஒரு வினாடிக்குள் நிறுத்தப்பட்டதுபோல் அடி வாங்கியது. 1970களில் அறிமுகமான ஸ்லைடர் இதற்குத் தீர்வானது. நான்கு மூலைகளிலும் வளையம் வைத்த ஒரு செவ்வகத் துணி அது. கயிறுகள் அந்த வளையங்களினூடே செல்கின்றன. குடை விரிய முயலும்போது கீழிருந்து வரும் காற்று ஸ்லைடரை மேல்நோக்கி அழுத்தி, குடையைச் சுருக்கி வைக்கிறது. வேகம் குறையக் குறைய ஸ்லைடர் மெல்லக் கீழிறங்குகிறது. குடை மூன்று முதல் ஐந்து வினாடிகளில் நிதானமாக விரிகிறது. இந்தச் சிறு துணி வந்தபின்பே சதுரக் குடை எல்லோருக்கும் உரியதாயிற்று.

தானியங்கித் திறப்பான்

1959 நவம்பரில் அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர் 76,400 அடி உயரத்தில் பலூனிலிருந்து குதித்தார். நிலைப்படுத்தும் சிறு குடை உரிய நேரத்துக்கு முன்பே வெளிவந்து, அதன் கயிறு அவருடைய கழுத்தைச் சுற்றியது. நிமிடத்துக்குச் சுமார் 120 சுற்று வேகத்தில் சுழன்ற அவர் நினைவிழந்தார். தானாகத் திறக்கும் பாராசூட் அவரைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று அவர் 1,02,800 அடியிலிருந்து குதித்து, அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்த சாதனையைப் படைத்தார்.

விளையாட்டில் இருந்த தொடக்ககாலத் தானியங்கிக் கருவிகள் முழு நம்பிக்கை பெறவில்லை. வேண்டாத நேரத்தில் இயங்கி, விரிந்த முதன்மைக் குடையோடு காப்புக் குடையையும் திறந்துவிடும் என்ற அச்சத்தால் அனுபவசாலிகள் பலர் அவற்றைத் தவிர்த்தனர். மாணவர்களுக்கே அவை கட்டாயமாக இருந்தன.

1991இல் ஜெர்மனியின் ஹெல்மூட் குளோத் உருவாக்கிய 'சைப்ரஸ்' இந்த மனநிலையை மாற்றியது. காற்றழுத்தத்தை நொடிதோறும் அளந்து, உயரத்தையும் விழும் வேகத்தையும் கணக்கிடும் சிறு கணினி அது. அனுபவசாலிகளுக்கான வகை, தரைக்கு மேல் சுமார் 225 மீட்டர் உயரத்தில் உடல் இன்னும் வினாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்தால், வெடிவிசையால் இயங்கும் ஒரு சிறு கத்தியைச் செலுத்திக் காப்புப் பையின் மூடுகண்ணியை அறுக்கும். முதன்மைக் குடை விரிந்து வேகம் குறைந்திருந்தால் அது தலையிடாது. வானில் மற்றொருவரோடு மோதி நினைவிழந்தவர்கள், உயரத்தை மறந்தவர்கள் எனப் பலர் இதனால் பிழைத்துள்ளனர்.

விரிந்த குடையின் கீழ் நேரும் மரணங்கள்

1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் வான்குதிப்பில் இறந்தனர். 2023இல் ஏறத்தாழ 36.5 லட்சம் குதிப்புகள் நடந்தன. 10 பேர் இறந்தனர். கருவிகளும் பயிற்சியும் சேர்ந்து பெற்ற வெற்றி இது.

ஆனால் மரணத்தின் தன்மை மாறிவிட்டது. 1980களின் இறுதியில் காற்றே ஊடுருவாத புதிய துணி பரவியது. அதனால் குடைகளைச் சிறிதாகவும் வேகமாகவும் செய்ய முடிந்தது. குதிப்பவரின் மொத்த எடையைப் பவுண்டில் எடுத்து, குடையின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து வகுத்தால் கிடைப்பது இறக்கைச் சுமை. கருவியோடு சேர்த்து 200 பவுண்டு எடையுள்ளவருக்கு 200 சதுர அடிக் குடையில் அது 1. 100 சதுர அடிக் குடையில் 2. இறக்கைச் சுமை இரு மடங்கானால் வேகம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். தரையில் மோதும் ஆற்றல் இரு மடங்காகும்.

தரைக்கு அருகில் குடையைத் திருப்பினால் அது சாய்ந்து பாய்ந்து இறங்கும். அந்த வேகத்தைக் கிடைமட்டமாக மாற்றிப் புல்லை உரசியபடி செல்வது இன்று தனிப் போட்டிப் பிரிவு. அதே திருப்பத்தைச் சற்றுத் தாழ்வாகத் தொடங்கினால் குடை மீள்வதற்கு முன் தரை வந்துவிடும். 1990களிலிருந்து, ஒரு கிழிசலும் இல்லாத, முழுமையாக விரிந்த குடையின் கீழ் நேர்ந்த இறப்புகள் மொத்த இறப்புகளில் பெரும்பங்கு வகித்துள்ளன.

பாதுகாப்புக் கருவிகள் மேம்படும் அளவுக்குக் குதிப்பவர்கள் கூடுதல் துணிச்சலை எடுத்துக்கொண்டு, கிடைத்த பலனைச் செலவழித்துவிடுவார்கள் என்பது பில் பூத்தின் புகழ்பெற்ற கருத்து. தம் வாழ்நாளைப் பாதுகாப்புக் கருவிகளுக்கே செலவிட்டவர் இதைச் சொன்னதால் குதிப்பவர்களிடையே அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அன்றாடக் கவனம்

அனுபவமுள்ள ஒருவரின் வழக்கமான நாள், மேற்கண்ட வரலாறு முழுவதையும் சில நிமிடச் சரிபார்ப்பில் அடக்கிவைத்திருக்கிறது. பையை அணியும் முன், விமானத்தில் ஏறும் முன், கதவு திறக்கும் முன் என மூன்று முறை கருவி பார்க்கப்படுகிறது. மூன்று வளையங்களும் முறையாக ஒன்றினுள் ஒன்று நுழைந்துள்ளனவா, மார்பு வார் கொக்கியில் சரியாகக் கோக்கப்பட்டு மடிந்துள்ளதா, கால்வார்கள் முறுக்கின்றி உள்ளனவா, முதன்மைப் பையின் ஊசி முழுதும் செருகப்பட்டுள்ளதா, இழுகுடையின் பட்டை எதிலும் சுற்றாமல் செல்கிறதா, தானியங்கிக் கருவி இயக்கப்பட்டுள்ளதா என்பவை முதன்மையானவை. பிறகு வலக்கை கழற்றும் கைப்பிடியையும் இடக்கை காப்புக் கைப்பிடியையும் தொட்டுப் பார்க்கின்றன. தாம் அணியும் பையின் பின்புறத்தைத் தாமே பார்க்க முடியாததால், அருகிலிருப்பவரிடம் ஊசியைப் பார்க்கச் சொல்வது இவ்விளையாட்டின் மரியாதைகளுள் ஒன்று.

தேய்மானம் மற்றொரு கவலை. மெல்லிய ஸ்பெக்ட்ரா கயிறுகள் வலிமையானவை, ஆனால் ஸ்லைடர் வளையங்கள் உரசும் சூட்டில் படிப்படியாகச் சுருங்குகின்றன. ஓரக் கயிறுகள் அதிகம் உரசுவதால் அவை மற்றவற்றைவிடக் குட்டையாகி, குடை தன் வடிவத்தை இழக்கிறது. வெக்ட்ரான் கயிறு சுருங்காது. அது தேய்ந்து ஒருநாள் அறும். நேற்றுவரை நன்றாக இறங்கிய குடை இன்று கடினமாக இறங்கினால், பழுது கையில் அல்ல, கயிற்றில் இருக்கலாம் என்று ஐயப்படுவது அனுபவம் தரும் அறிவு. சில ரூபாய் மதிப்புள்ள மூடுகண்ணி சற்றே பிசிறு தட்டினாலும் மாற்றப்படுகிறது. அது அறுந்தால் குடை விமானத்தின் கதவருகிலேயே திறந்து, விமானத்தையே ஆபத்தில் தள்ளும்.

முதன்மைக் குடையைக் குதிப்பவரே மடிக்கலாம். காப்புக் குடையை மடிக்க உரிமம் பெற்ற ரிக்கர் வேண்டும். அமெரிக்காவில் அதை 180 நாட்களுக்கு ஒருமுறை திறந்து, சோதித்து, மீண்டும் மடித்து, சிவப்பு நூலில் ஈய முத்திரையிட வேண்டும். 2008 இறுதிவரை இந்த வரம்பு 120 நாட்களாக இருந்தது. காப்புக் குடையைப் பெரும்பாலோர் பல நூறு குதிப்புகள்வரை பயன்படுத்த நேர்வதில்லை. முதன்மைக் குடை பழுதாவது சுமார் ஆயிரத்தில் ஒரு முறை என்று பொதுவாகக் கூறப்படுகிறது.

அந்த ஒரு முறைக்கான முடிவு தரையிலேயே எடுக்கப்படுகிறது. 2,500 அடியில் விழுந்துகொண்டிருப்பவருக்குத் தரையை அடைய 14 வினாடிகளே உள்ளன. அங்கே ஆலோசிக்க நேரமில்லை. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் பரிந்துரைப்படி, மாணவர்களும் தொடக்க உரிமம் பெற்றவர்களும் 2,500 அடிக்குள்ளும், மேல்நிலை உரிமம் பெற்றவர்கள் 1,800 அடிக்குள்ளும் குடையைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிட வேண்டும். அதற்குக் கீழே பழுதான குடையைச் சீர்செய்ய முயன்று நேரம் கடத்தியவர்களை விபத்து அறிக்கைகள் ஆண்டுதோறும் பதிவு செய்துள்ளன.

குதிக்காமல் திரும்புவதும் இந்த அன்றாடக் கவனத்தின் பகுதியே. காற்று வரம்பைத் தாண்டினாலோ, மேகம் மூடினாலோ, கருவியில் ஐயம் எழுந்தாலோ விமானத்தோடு கீழிறங்குபவரை எந்த நல்ல குதிதளமும் கேலி செய்வதில்லை. நூறு முதல் சில நூறு குதிப்புகள் வரை செய்தவர்களே பெரும்பாலும் சிறிய குடைக்கு அவசரப்படுகிறார்கள் என்பது பயிற்சியாளர்களின் பொதுவான கவலை.

வரலாற்று முக்கியத்துவம்

கார்னெரனின் உச்சித் துளையிலிருந்து சைப்ரஸ் கணினி வரை, வான்குதிப்புக் கருவிகள் ஒரு குறையை அறிந்து அடுத்த வடிவத்துக்கு நகர்ந்துள்ளன. காக்கிங் விட்டுவிட்ட எடையை இன்று ஒவ்வொரு மாணவரும் இறக்கைச் சுமையில் கணக்கிடுகிறார். ஹாரிஸ் தேடிய கைப்பிடியை ஒவ்வொருவரும் கதவருகே தொட்டுப் பார்க்கிறார். ஈரி ஏரியில் மூழ்கியவர்களின் நினைவு, கீழே பார்த்தபின் குதிக்கும் வழக்கத்தில் நிலைக்கிறது. குடை விரியுமா என்பது முதல் இரு நூற்றாண்டுகளின் கேள்வி. அதற்குப் பொறியியல் பெரும்பாலும் விடை கண்டுவிட்டது. எந்தக் குடையை, எந்த நாளில், எந்த உயரத்தில் பயன்படுத்துவது என்ற கேள்வி எஞ்சியுள்ளது. அதற்கான விடை ஒவ்வொரு குதிப்புக்கும் புதிதாக, குதிப்பவராலேயே சொல்லப்பட வேண்டியிருக்கிறது.